பகலில் தனியாக இருக்கிறேன் என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். தனியாக இருந்துகொள்கிறேன் என்கிறான். மாத்திரை, அடுப்பு, கதவு என்று ஃபோனில் சொல்லிச் சொல்லியே எனக்கு நாள் போகிறது. இதற்குக் கருவி ஏதும் உண்டா?
– ஒரு அம்மா, திருச்சி

பதில்: புதிதாக எதையும் வாங்குமுன், ஃபோனில் அவனிடம் என்னென்ன சொல்கிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். அவற்றில் பாதியை அவன் ஃபோன் அலாரமே சொல்லிவிடும். மணியோசைக்குப் பதிலாக "நீல டப்பாவை எடுப்பா, மதிய மாத்திரை" என்று உங்கள் குரலையே பதிவு செய்து வையுங்கள்.

அடுப்புக்கு இன்டக்ஷன் நல்லது. டைமர் வைக்கலாம், பாத்திரத்தை எடுத்தால் பெரும்பாலும் தானே நின்றுவிடும். கேஸ் சிலிண்டரை நீங்கள் கிளம்பும்போதே மூடிவிடுங்கள். "சாம்பாரைச் சூடு பண்ணு" என்பது நமக்கு ஒரே வேலை. அவனுக்கு ஆறேழு வேலை. ஒவ்வொன்றையும் உங்கள் அடுப்பு, உங்கள் பாத்திரம், அவன் கை தெரிகிற மாதிரி படம் எடுத்து, வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்கள் வேண்டாம், அந்த அடுப்பு அவன் அடுப்பு இல்லை. பாத்திரத்தை இறக்கிய பிறகும் கண்ணாடித் தட்டு சுடும், அதற்கும் ஒரு படம் வேண்டும்.

முதலில் பக்கத்து அறையில் இருங்கள், அப்புறம் பத்து நிமிடம் மாடியில், அப்புறம் கடைக்குப் போய் வாருங்கள். நடுவில் பொறுக்காமல் ஓடிப்போய் நீங்களே செய்துகொடுக்காதீர்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும்தான் சொல்கிறேன்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தங்கை பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். அவளிடம் சொல்லாமல் ஃபோனில் லொகேஷன் பார்க்கும் வசதியைப் போடலாமா?
– ஒரு அக்கா, மதுரை

பதில்: சொல்லாமல் வேண்டாம். அவளிடம் காட்டி, எதற்கு என்று விளக்கி, அவளையே ஆன் செய்யச் சொல்லுங்கள். மற்றவர்களைப் போல சமூகத்தோடு வாழும் உரிமையை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அவளுக்கும் கொடுத்திருக்கிறது.

அதைவிட முக்கியம், வழி தவறினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிவது. ஃபோன் முகப்பில் மூன்றே பேர் முகம் இருக்கட்டும், தொட்டால் அழைப்பு போக வேண்டும். ஐபோன் என்றால், 2023-இல் வந்த 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' இதற்காகவே இருக்கிறது: வேண்டிய செயலிகள் மட்டும், பெரிய பெரிய படங்களாக. பஸ் எண் பலகையையும் படம் எடுத்துக் கொடுங்கள். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தள்ளி இருவரும் இறங்குங்கள், அங்கிருந்து அவளே உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசட்டும்.