பதினேழாம் மாடி மட்டும் ஏன் ஆடியது?

வணக்கம் சகோதரி. மலேசியா புவித்தட்டு (பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாறைத் துண்டு) விளிம்பில் இல்லை என்று பள்ளியில் படித்த மகள், நிலநடுக்கத்தின்போது பினாங்கு ஜெலுத்தோங்கில் உங்கள் பதினேழாம் மாடி வீட்டில் விளக்கு ஆடியதைப் பார்த்துத் தூங்கப் பயப்படுகிறாள், கீழ்க்கடையில் யாருக்கும் தெரியவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பள்ளியில் சொன்னதும் சரி, அவள் பார்த்ததும் சரி. அதை முதலில் சொல்லுங்கள்.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நுழைகிறது. சிக்கிய இடம் சட்டென வழுக்கினால் நிலம் அதிரும், அதுதான் நிலநடுக்கம். வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான, நீண்ட அலைகள்தான் பினாங்கு வரை வந்து சேரும். உயரமான கட்டடத்தின் இயல்பான அசைவும் மெதுவானது, அதனால் அதுதான் கூடுதலாக ஆடும்.

ரூலரை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துச் சுண்டச் சொல்லுங்கள். வெளியே நீட்டிய பகுதி நீளமாக இருந்தால் மெதுவாக ஆடும், குறைத்தால் படபடக்கும். அவளே செய்து பார்க்கட்டும்.

அப்புறம், 2004 டிசம்பர் 26-ஐ மறைக்க வேண்டாம். பினாங்கில் அன்று உயிர்களைப் பறித்தது குலுக்கல் அல்ல, சுனாமி. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும், கட்டடம் ஆடும்போது லிஃப்டில் ஏறக் கூடாது. இந்த இரண்டையும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.