கல்வெட்டில் குமிழி இல்லை

வணக்கம் சார்,

உங்கள் பிரான்ஸ் பயணக் குறிப்பில், ஷாம்பெயினைக் கண்டுபிடித்த துறவியின் கதையை 'விளம்பரக்காரர்கள் கட்டிவிட்டது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதைப் பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன். கண் தெரியாத துறவி, முதல் மிடறு குடித்துவிட்டு 'சீக்கிரம் வாருங்கள், நான் நட்சத்திரங்களைக் குடிக்கிறேன்' என்று கூவினாராமே! அவர் இல்லையென்றால் வேறு யார்?

இன்னொன்று. பிரான்ஸில் குடியேறிவிட்ட என் பெரியப்பா பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். தக்கை பறந்து டியூப் லைட்டை உடைத்தது தனிக்கதை. நாங்கள் ஷாம்பெயின் என்று கொண்டாட, அக்கா 'இது ஷாம்பெயின் இல்லை, அல்சாஸ் க்ரேமான்' என்று சொல்லிவிட்டாள். அதே நுரை, அதே தக்கை, அதுவும் பிரான்ஸ் திராட்சை. பெயரை மட்டும் ஒரு பகுதிக்காரர்கள் பூட்டி வைத்துக்கொள்வது வியாபாரத் தந்திரம்தானே? விலையும் பல மடங்காம்.

கதிரவன், காரைக்கால்

அன்புள்ள கதிரவன்,

ஒரே வரியில் தள்ளியது தப்புதான். பயணக் குறிப்பில் மதுவைப் பற்றி நீட்டி முழக்கினால், 'எதற்குப் போனீர்கள் என்று தெரிகிறது' என்று நாலு கடிதம் வருமே என்று பயந்தேன். உண்மையில் எனக்குக் குடிக்கத் தெரியாது. இரண்டு மிடறுக்கு மேல் போனால் தூக்கம் வந்துவிடும். ஆனால் அது தயாராகிற விதத்தை வேடிக்கை பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

துறவியிடமிருந்தே தொடங்குகிறேன். பாரிஸிலிருந்து கிழக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் எபெர்னே. அங்கே மார்ன் ஆற்றைத் தாண்டி மேடேறினால் ஓவிலே என்ற கிராமம். அதன் பழைய மடத்துத் தேவாலயத்தில், தரையில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் துறவி, தொம் பெரிஞோன், அதன் கீழேதான் உறங்குகிறார். கல்லில் லத்தீனில் பொறித்திருப்பதன் சாரம் இவ்வளவுதான்: இந்த மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பில் 47 வருடம் இருந்தவர், மடத்துச் சொத்தை எல்லோரும் மெச்சும்படி நிர்வகித்தவர், ஏழைகள்மேல் தகப்பனைப் போல் அன்பு வைத்தவர், 77ஆம் வயதில், 1715இல் காலமானார். குமிழியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நம்மூரில் கோயிலுக்கு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலே அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதிவிடுவார்கள். உலகத்தையே மயக்கிய கண்டுபிடிப்பைக் கூடவே இருந்த துறவிகள் மறந்தா போவார்கள்?

சொல்லப்போனால், குமிழி வரவிடாமல் தடுக்கத்தான் அந்த மனிதர் பாடுபட்டார். அவர் பொறுப்பேற்ற 1668இல் நல்ல வைன் என்றால் தெளிந்து, அசையாமல் நிற்க வேண்டும். குழம்பு நுரை கட்டினால் நாம் என்ன நினைப்போமோ, அதைத்தான் குமிழி விட்ட வைனைப் பார்த்து அவர்கள் நினைத்தார்கள். பெரிஞோனின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருந்தது. எந்தச் சரிவில் விளைந்த பழத்தை எதோடு சேர்த்துப் பிழிந்தால் சுவை கூடும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைந்து, அதன் கடைசித் துறவிகளில் ஒருவர் 1821இல் எழுதிய கடிதத்தில்தான் கண்டுபிடிப்பாளர் பட்டம் அவர் தலையில் ஏறியது. பழைய மடத்தின் பெருமையைத் தூக்கிப் பிடிக்க ஆசைப்பட்டிருப்பார், பாவம். நட்சத்திரத்தைக் குடித்த வசனம் அதற்கும் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு விளம்பரத்தில் முளைத்தது. கண் தெரியாதவர் என்பதும் பின்னால் சேர்ந்த சரக்கு.

அப்படியானால் வேறு யார்? என்னைக் கேட்டால், குளிர்.

ஷாம்பெயின் என்பது முதலில் ஒரு நிலத்தின் பெயர். பிரெஞ்சில் அந்த நிலம் பெண்பால், பானம் ஆண்பால். ரெய்ம்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியும், தெற்கே ஓப் மாவட்டத்திலுமாகச் சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டம். சராசரி வெப்பம் 11 டிகிரி சுற்றித்தான். திராட்சை பழுப்பதற்கு அது கிட்டத்தட்ட வடக்கு எல்லை. அறுவடை முடிந்து சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்காலம் வந்துவிடும். ஈஸ்ட் சுருண்டு தூங்கிவிடும். வேலை முடிந்துவிட்டது என்று ஆட்களும் நினைத்துவிடுவார்கள். வசந்தத்தில் சூடு ஏறியதும் ஈஸ்ட் விழித்து, மிச்சம் இருக்கிற சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். பீப்பாயில் இருந்தால் வாயு வெளியே போய்விடும். அதற்குள் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டால் போக வழியில்லாமல் வைனுக்குள்ளேயே கரைந்து நிற்கும்.

அந்த அழுத்தத்தைத் தாங்குகிற பாட்டில் அப்போது பிரான்ஸில் இல்லை, இங்கிலாந்தில் இருந்தது. அதற்கும் ஒரு சுற்றுவழிக் காரணம். போர்க்கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று 1615இல் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். அதில் சூடு அதிகம். கண்ணாடி தடித்துக் கறுத்து உறுதியாக வந்தது. பிரான்ஸில் மரக்கட்டையில் எண்ணெய்த் துணி சுற்றிப் பாட்டிலை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், லண்டனில் தக்கையும் புழக்கத்தில் இருந்தது. ஷாம்பெயினிலிருந்து பீப்பாயில் வந்த வைனை வாங்கி, பாட்டிலில் ஊற்றி, பொங்குவதை ரசித்துக் குடித்தவர்கள் ஆங்கிலேயர்கள்தான். 1662 டிசம்பரில் கிறிஸ்டோஃபர் மெர்ரெட் என்பவர் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், வைன் துள்ளிப் பொங்குவதற்காக வியாபாரிகள் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்ப்பதை எழுதியிருக்கிறார். நம் துறவி பொறுப்பேற்க அப்போது இன்னும் ஆறு வருடம் பாக்கி. இதை ரெய்ம்ஸில் உரக்கச் சொல்லாதீர்கள்.

பிரான்ஸில் வைனைப் பாட்டிலில் அடைத்து வெளியூர் அனுப்ப அரசாங்க அனுமதி கிடைத்ததே 1728இல். மறு வருடம் ருய்னார் என்ற ஷாம்பெயின் நிறுவனம் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு நூறு வருடம் இந்தத் தொழில் சூதாட்டம்தான். எவ்வளவு சர்க்கரை போட்டால் எவ்வளவு வாயு வரும் என்ற கணக்கு யாருக்கும் தெரியாது. வசந்தம் வந்தால் நிலவறையில் பாட்டில்கள் வெடிக்கும், ஒன்று வெடித்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருப்பதும் வெடிக்கும். சில வருடங்களில் பாதிக்கு மேல் போய்விடும். வேலைக்காரர்கள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே இறங்குவார்கள். கடைசியில் ஷாலோன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர், ழான் பாப்திஸ்த் பிரான்சுவா, 1836இல் சர்க்கரையை அளக்கும் முறையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஊருக்குச் சிலை வைக்க வேண்டுமானால் நான் அவருக்குத்தான் வைப்பேன். இன்று லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை போடுகிறார்கள். அது ஆறு மடங்கு காற்றழுத்தத்தைக் கொடுக்கும், கார் டயரில் இருப்பதைப் போல் இரண்டரை மடங்கு.

வெடிக்காமல் பிழைத்த பாட்டிலிலும் ஒரு தொல்லை உண்டு. செத்த ஈஸ்ட் கசடாகப் படிந்திருக்கும். குமிழி போகாமல் கசடை மட்டும் எப்படி வெளியேற்றுவது? இதற்கு வழி கண்டவர் ஒரு விதவை. பார்ப் நிக்கோல் கிளிக்கோ, 1805இல் கணவர் இறந்தபோது வயது 27. நெப்போலியன் சட்டப்படி, புருஷன் சம்மதமில்லாமல் பெண் வியாபாரம் செய்ய முடியாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. ஷாம்பெயின் வரலாற்றில் இத்தனை விதவைகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவரும் அவருடைய நிலவறை ஆட்களும் 1816 வாக்கில் சாய்ந்த பலகையில் ஓட்டை போட்டு, பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் திருப்பிக் கசடைக் கழுத்துக்கு இறக்கினார்கள். தன் சமையலறை மேசையிலேயே முதல் ஓட்டையைப் போட்டார் என்று ஒரு கதை உண்டு. மேசைக் கதையை நான் நம்பவில்லை, நன்றாக இருப்பதால் சொல்கிறேன்.

அந்தத் திருப்பலை நான் பார்த்தேன். எபெர்னே பக்கத்தில் ஒரு சின்னக் குடும்பத்தின் நிலவறை. முப்பது படி இறங்கியதும் வெயில் காலத்திலும் குளிர் பிடித்துக்கொண்டது. சுவர் முழுக்கச் சுண்ணப்பாறை. சாய்ந்தால் சட்டையில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூள் ஒட்டுகிறது. கூரை வடிவத்தில் சாய்த்து நிறுத்திய இரண்டு பலகைகள், பக்கத்துக்கு 60 ஓட்டை. அடிப்பாகத்தில் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்த பாட்டில்கள். பெரியவர் ஒருவர் கைக்கு ஒன்றாக இரண்டு பாட்டிலைப் பிடித்து, வெடுக்கென்று ஒரு குலுக்கு, எட்டில் ஒரு சுற்று, விட்டுவிட்டு அடுத்த இரண்டு. டக், டக், டக். எந்தப் பாட்டில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அந்த வெள்ளைக் கோடு சொல்லிவிடும். தேர்ந்த கை ஒரு நாளைக்கு 40,000 பாட்டில் திருப்பும். எனக்கும் ஒரு வரிசை கொடுத்தார். நான் திருப்பியதில் கசடு கழுத்துக்குப் போகாமல் மேகம் மாதிரி கிளம்பிவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தனியாக வைத்தார்.

பெரிய நிறுவனங்களில் இப்போது 500 பாட்டில் கொள்ளும் கூண்டை இயந்திரமே ஆட்டி, ஆறு வார வேலையை ஒரு வாரத்தில் முடிக்கிறது. அப்புறம் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், கசடு ஐஸ் கட்டியாகத் தெறித்து விழும். குறைகிற இடத்தில் கொஞ்சம் வைனும் சர்க்கரையும் ஊற்றித் தக்கை அடிப்பார்கள். அந்தச் சர்க்கரையின் அளவுதான் 'ப்ரூத்' (இனிப்பு குறைவு), 'தெமி செக்' (இனிப்பு அதிகம்) என்று லேபிளில் வரும். லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ப்ரூத்.

விலைக்கு வருவோம். பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. முக்கியமான மூன்று வகையில் பினோ நுவார், மெனியே இரண்டும் கறுப்பு. ஷார்டொனே ஒன்றுதான் வெள்ளை. கறுப்புப் பழத்தின் தோல் நசுங்கிச் சாயம் இறங்காமல் பதமாகப் பிழிய வேண்டும். 4,000 கிலோ பழத்தில் 2,550 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ திராட்சை. சாதாரண ஷாம்பெயினே 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். ஒரே வருடத்துப் பழத்தில் செய்து, அந்த வருடத்தை லேபிளில் போட வேண்டுமானால் மூன்று வருடம். இத்தனைக்கும் பிறகு, விலையில் ஒரு பகுதி பெயருக்குத்தான் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

அந்தப் பெயர் விஷயம். தந்திரமா என்றால், அதுவும் உண்டு. 1993இல் ஒரு புகழ்பெற்ற பிரெஞ்சு நிறுவனம் வாசனைத் திரவியத்துக்கு ஷாம்பெயின் என்று பெயர் வைத்தது. வழக்குப் போட்டு எடுக்க வைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே ஒரு கிராமம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வைனில் தங்கள் ஊர்ப் பெயரைப் போடுவதையும் 2004இல் நிறுத்த வேண்டியதாயிற்று. இது அநியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் பூட்டு முதலில் யாருக்கு எதிராகப் போடப்பட்டது என்று பாருங்கள். 1910இல் மழையும் நோயும் சேர்ந்து விளைச்சலை நாசமாக்கின. சில நிறுவனங்கள் தெற்கிலிருந்தும் லுவார் பகுதியிலிருந்தும் மலிவாக வைனை ரயிலில் கொண்டுவந்து, ஷாம்பெயின் என்று விற்றன. உள்ளூர் விவசாயிகள் 1911 ஜனவரியில் அந்தப் பீப்பாய்களை மார்ன் ஆற்றில் உருட்டினார்கள். எந்தப் பகுதியில் விளைந்ததை ஷாம்பெயின் என்று விற்கலாம் என்ற எல்லைச் சட்டத்தைத் தளர்த்தும் பேச்சு ஏப்ரலில் வந்ததும் ஆய் என்ற ஊரில் வியாபாரிகளின் மாளிகைகளுக்கும் கிடங்குகளுக்கும் தீ வைத்தார்கள். ராணுவம் வந்தது. தெற்கே ஓப் விவசாயிகளோ தங்களை எல்லைக்கு வெளியே விட்டதற்காகக் கொடி பிடித்தார்கள். 1927இல்தான் அவர்களும் சரிசமமாக உள்ளே வந்தார்கள். இன்று உங்கள் கண்ணுக்குப் பெரிய நிறுவனங்களின் கர்வமாகத் தெரிவது, அன்று அதே நிறுவனங்களிடமிருந்து பழம் விற்கிறவன் பிடுங்கிய பாதுகாப்பு. இன்றும் தோட்டங்களில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு விவசாயிகள் கையில்தான் இருக்கிறது.

அக்கா சொன்னது சரி. அல்சாஸ் என்ற வேறொரு பகுதியில் செய்யும் க்ரேமானும் இதே முறைதான்: பாட்டிலுக்குள் இரண்டாவது நொதிப்பு, திருப்பல், கசடு நீக்கல் எல்லாம் உண்டு. பழ வகையும் மண்ணும் வேறு, கசடோடு கிடக்க வேண்டிய காலம் ஒன்பது மாதம். விலைக்கும் சுவைக்கும் பொருத்திப் பார்த்தால் பெரியப்பா ஏமாறவில்லை என்றே சொல்வேன்.

டியூப் லைட் சமாசாரத்துக்கு ஒரு யோசனை. அடுத்த முறை பாட்டிலை நன்றாகக் குளிர வையுங்கள், சூடாக இருந்தால் சீற்றம் அதிகம். கம்பிக் கூண்டை ஆறு அரைச்சுற்றில் தளர்த்தலாம், ஆனால் கழற்றாதீர்கள். கூண்டோடு சேர்த்துத் தக்கையை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைச் சாய்த்து, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். தக்கையைத் திருப்பாதீர்கள், பாட்டிலைத் திருப்புங்கள். உஸ் என்று ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான் சத்தம் வர வேண்டும். குழந்தைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.