"ஒன்னுமில்லம்மா" என்று சொல்லும் மகளிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இங்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 படிக்கிறாள். இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டாள். பள்ளி வேனைவிட்டு இறங்கியதும் நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ராத்திரி ஒரு மணி வரை கைப்பேசி. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பை ஒரு நாளும் தவறவிடாதவள், இப்போது "பிடிக்கல" என்று நின்றுவிட்டாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டால் "ஒன்னுமில்லம்மா" என்ற ஒரே பதில். கைப்பேசியைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கணவர். கண் பட்டிருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார் மாமியார். இது வயசுக் கோளாறா, வேறு ஏதாவதா? நான் என்ன செய்வது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி தேவார வகுப்பைப் பற்றியது. கதவைச் சாத்துவதும் கைப்பேசியோடு கிடப்பதும் இந்த வயதில் பெரும்பாலான வீடுகளில் நடப்பவை. அவற்றை மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆசையாகச் செய்துவந்த ஒன்றைப் பிள்ளை தானாகவே விட்டுவிடுகிறது, மற்ற மாற்றங்களும் கூடவே இரண்டு மாதமாக இருக்கின்றன என்றால், வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

வயசுக் கோளாறு வந்து வந்து போகும். காலையில் அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போன பிள்ளை, சாயங்காலம் தோழியோடு போனில் வாய்விட்டுச் சிரிக்கும். சாப்பிட என்ன இருக்கிறது என்று சட்டியைத் திறந்து பார்க்கும். மனச்சோர்வு அப்படி லேசில் விடாது. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்தால் மருத்துவர்கள் அதைத் தீவிரமாகவே எடுத்துக்கொள்வார்கள். சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதின்ம வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும். தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுவார்கள். சிலருக்கு அது தலைவலி, வயிற்றுவலி. அதுவும் சனி ஞாயிறு இல்லாமல் திங்கட்கிழமை விடிகாலையில் வரும் வயிற்றுவலி.

உங்கள் வளர்ப்பில் ஏதோ குற்றம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுத்த ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு தெரிந்தது. உங்கள் மகளின் வகுப்பில் 30 பேர் என்றால் ஏழெட்டுப் பேர் என்று ஆகிறது. அத்தனை தாய்மாரும் தவறாகவா வளர்த்திருப்பார்கள்?

சரி, அவளிடம் எப்படிப் பேசுவது? உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனை என்னிடம் அழைத்துவந்தார்கள். அப்பா ஜொகூருக்கு லோரி ஓட்டுபவர். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்காவது வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பிள்ளைக்குப் போன் செய்வார். "சாப்பிட்டியா? படிச்சியா? அம்மா பேச்சைக் கேக்குறியா?" மூன்று கேள்விக்கும் மூன்று "ம்". அவ்வளவுதான் பேச்சு. அந்த அப்பாவிடம் நான் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். கேள்வியை விடுங்கள், முதல் இரண்டு நிமிடம் உங்கள் நாள் எப்படிப் போனது என்று சொல்லுங்கள். அவரும் சொல்ல ஆரம்பித்தார். யொங் பெங் பக்கம் கொட்டுகிற மழை, பின்சக்கரத்தில் காற்று இறங்கியது, கடையில் வாங்கிய நாசி லெமாக்கில் சம்பல் காரம். முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கம் அதே "ம்" தான். மூன்றாம் வாரம் பையன் கேட்டிருக்கிறான், "அந்த டயர் என்னப்பா ஆச்சு?" அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். வகுப்பில் தன் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்பதை அவன் முதன்முதலில் சொன்னது அந்த அப்பாவிடம்தான். என்னிடம்கூட இல்லை.

நாம் கேள்வி கேட்பது அக்கறையில்தான். பிள்ளைக்கு அது விசாரணையாகக் கேட்கிறது. அதனால் முகத்துக்கு நேரே உட்காரவைத்து "இப்ப சொல்லு" என்று கேட்காதீர்கள். கை வேலையாக இருக்கும்போது பேச்சு தானாக வரும். நெத்திலியைக் கொட்டி வைத்துக்கொண்டு, தலை கிள்ளக் கொஞ்சம் வா என்று கூப்பிடுங்கள். டியூஷன் முடிந்து காரில் கூட்டிவரும்போது, ஜாலான் ஈப்போ நெரிசலில் வண்டி நின்று நின்று போகுமே, அது அருமையான நேரம். இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

கேட்கத்தான் வேண்டுமென்றால் சின்னதாக ஒன்று கேளுங்கள். நான் பிள்ளைகளிடம் வழக்கமாகக் கேட்பது, "ஓய்வு நேரத்தில் யாரோட சாப்பிடுற?" பெயரைச் சொன்னால் நல்லது. "நான் கேன்டீனுக்குப் போறதில்ல, லைப்ரரில இருப்பேன்" என்று பதில் வந்தால் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒரே கூட்டமாக வளர்ந்த பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் வகுப்புக்கு ஒருவராகச் சிதறிப்போகிறார்கள். பாட மொழியும் மாறிவிடுகிறது. உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியின் மேல்வகுப்புகளில் பெரும்பகுதியைப் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு (பிகேபி) காலத்தில் திரை முன்னால் கழித்தவர்கள். நட்பு பிடிக்கப் பழக வேண்டிய நேரம் அப்படிப் போனது. படிவம் 4இல் பாடப் பிரிவு மாறி, இருந்த ஒரு தோழியும் வேறு வகுப்புக்குப் போயிருக்கலாம். அதையும் மெல்ல விசாரியுங்கள்.

அப்புறம், அவள் வாயைத் திறக்கும் அந்த நாள். அன்றைக்குத்தான் நாம் பெரும்பாலும் காரியத்தைக் கெடுத்துவிடுகிறோம். "ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கலம்மா" என்பாள். உடனே நம் வாயில் வருவது, "அதுக்காகப் படிக்காம இருக்க முடியுமா? நாங்கல்லாம் எஸ்டேட்ல எவ்வளவு தூரம் நடந்து போனோம் தெரியுமா?" நீங்கள் பட்டது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் காதில் விழுவது, உன் கஷ்டம் கஷ்டமே இல்லை என்பதுதான். கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும். அதற்குப் பதிலாக, "பிடிக்கலையா... எப்ப இருந்தும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத் தாங்காது. பத்துவரை மனதுக்குள் எண்ணிக்கொண்டாவது இருங்கள். யோசனை சொல்ல நாளைக்கு நேரம் இருக்கிறது. அவள் சொன்னதைச் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகள் ஒரு மணிக்குப் படுத்து, வேனைப் பிடிக்க ஐந்தரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரம்தான் தூங்குகிறாள். தூக்கம் கெட்டால் மனம் கெடும், மனம் கெட்டால் தூக்கமும் கெடும். இதில் எது முதலில் வந்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பூப்பெய்திய பிறகு உடம்பில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரக்கும் நேரமே பின்தள்ளிப் போகிறது. அதனால் ஒன்பது மணிக்குப் படு என்று விரட்டினாலும் தூக்கம் வராது. தூங்க முடியாமல் கிடக்கும் பிள்ளை கைப்பேசியை எடுத்துக்கொள்வதும் உண்டு. பிடுங்கினால் அவளிடம் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நட்பையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடலாம். ராத்திரி பத்தரைக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசியும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும். எல்லாம் என்றால் அப்பாவுடையதும்தான். அவர் படுக்கையில் வீடியோ பார்த்துக்கொண்டு மகளைத் தூங்கச் சொன்னால் நடக்காது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இலும் படிவம் 3 தேர்வான பிடி3 2022இலும் நீக்கப்பட்டுவிட்டன. உங்கள் மகளுக்குப் படிவம் 5இல் வரும் எஸ்பிஎம்தான் முதல் பெரிய அரசுத் தேர்வாக இருக்கும். அடுத்த வருடம் வரப்போகும் அந்தப் பயத்தின் மேல், அத்தை மகள் எத்தனை ஏ எடுத்தாள் என்ற கணக்கையும் சேர்த்து வைக்காதீர்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். கயிறு கட்டட்டும், வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடட்டும். பேத்தி மேல் உள்ள பாசம் அது, பிள்ளைக்கும் அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் கயிறு கட்டியாகிவிட்டது என்று கிளினிக் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. பேய் பிடித்திருக்கிறது என்று அவள் காதுபடச் சொல்வது, அடிப்பது, பட்டினி போடுவது, இவற்றுக்கு மட்டும் யார் சொன்னாலும் இடம் கொடுக்காதீர்கள்.

கிளினிக் என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனால் போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மனநிலையைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று கொடுப்பார்கள். ரத்தமும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு குறைந்திருந்தாலும் இதே போன்ற அசதியும் சோர்வும் வரும். தேவைப்பட்டால் அங்கிருந்தே கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். அங்கேயும் கட்டணம் சொற்பம்தான். மெந்தாரி என்ற பெயரில் அரசாங்கம் நடத்தும் சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருப்பார். மகளிடம் சொல்லிவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள், அவளுக்குத் தெரியாமல் போகாதீர்கள்.

சோர்வு லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கும். மருந்து கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நல்லாகிவிட்டாள் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரை போதைப்பழக்கம் மாதிரி ஒட்டிக்கொள்ளாது. "நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது யாராவது கேட்டால்?" என்று என்னிடம் எத்தனையோ அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் எழுதியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டுத் திரிகிறாளா, கையை உங்களிடமிருந்து மறைக்கிறாளா என்று கவனியுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்துவிட்டால் கத்தாதீர்கள். புண்ணுக்கு மருந்து போடுங்கள். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேளுங்கள். நான் சொல்வது மனவலியை.

"செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் வெளியே வரும், பல பிள்ளைகளுக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். தற்கொலை முயற்சி நம் நாட்டில் இப்போது குற்றமில்லை, அந்தச் சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிள்ளைகள் மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம். இரண்டு மாதமாக நீங்களும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

இந்த வாரமே ஒரு காலைப்பொழுது வேலைக்கு லீவு போடுங்கள். "நீ கொஞ்ச நாளா அசதியா இருக்க, ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வரலாம்மா. மனசு எப்படி இருக்குன்னும் டாக்டர்கிட்ட பேசலாம்" என்று மகளிடம் உள்ளதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். உள்ளே போனதும் கொஞ்ச நேரம் அவள் தனியாக டாக்டரிடம் பேச விட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள். பள்ளிக்குக் காட்ட, கிளினிக்கில் இருந்த நேரத்தைக் குறிக்கும் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியில் ஒரு ரொட்டி சானாய் கடையில் நிறுத்தி இருவரும் பசியாறுங்கள். டாக்டர் என்ன கேட்டார் என்று மட்டும் அப்போது கேட்காதீர்கள்.