பாதிரியாரை ஏன் யாரும் கேட்பதில்லை?

கேள்வி: ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ரோமியோ, ஜூலியட் சாவுக்கு யார் காரணம்? விதி என்று சொல்லி நழுவக் கூடாது!

பதில்: சரி, விதியை விட்டுவிடுவோம். இரண்டு பேரின் குடும்பப் பகைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், நான் பாதிரியார் லாரன்ஸைத்தான் சொல்வேன். பதினான்கு வயதுகூட நிரம்பாத ஜூலியட்டுக்கு ரோமியோவோடு ரகசியக் கல்யாணம் செய்துவைத்தவர், அவள் அப்பா பாரிஸ் என்ற பிரபுவுக்குக் கட்டிவைக்க நாள் குறித்ததும் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம் இல்லையா? அதை விட்டுவிட்டு, 42 மணி நேரம் பிணம்போல் கிடக்க மருந்து கொடுக்கிறார். இந்தத் திட்டத்தைச் சொல்லி, மாந்துவா நகரில் இருந்த ரோமியோவுக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டிய துறவியை, கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அது துரதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லறையில் கண் விழித்த ஜூலியட், அவள் செத்துவிட்டாள் என்று நம்பி விஷம் குடித்த கணவனின் உடலை விட்டு வர மறுக்கும்போது, காவலர் வரும் சத்தம் கேட்டதும் அவளைத் தனியே விட்டு ஓடினாரே, அதற்கு என்ன சமாதானம்?

ஜூலியட்டின் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. மறுத்தால் தெருவில் கிடந்து செத்துப்போ என்கிறார், அப்புறம் கல்யாணத்தையும் வியாழனிலிருந்து புதனுக்கு இழுக்கிறார். வளர்த்த செவிலியோ பாரிஸையே கட்டிக்கொள் என்று கைகழுவுகிறாள். ரோமியோவின் அவசரம் ஊரறிந்தது.

இதே கதையை ஷேக்ஸ்பியருக்கு முன்பே, 1562இல் ஆங்கிலத்தில் கவிதையாக எழுதிய ஆர்தர் புரூக், முன்னுரையில் காதலர்களையே திட்டுகிறார். அவர் கதையில் பாதிரியாருக்குத் தண்டனை கிடையாது, விஷம் விற்ற மருந்துக்காரனுக்குத்தான் தூக்கு!