43 யூரோவும் எழுதாத கணக்கும்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 24. ஊர் குமாரபாளையம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். 2024 அக்டோபரில் எம்.எஸ். படிக்க ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தேன். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டியிருந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 11 லட்சம். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துத்தான் அப்பா புரட்டினார். மாதம் 992 யூரோவாக அது ஒரு வருடத்தில் தீர்ந்துவிட்டது. இப்போது வார இறுதிகளில் ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறேன்.

நவம்பரில் ஒரு நாள் நண்பர்களோடு பக்கத்துச் செக் நாட்டின் தலைநகர் பிராக் போனேன். காலையில் பஸ் ஏறி, இரவே திரும்பிவிட்டோம். எல்லாம் சேர்த்து 43 யூரோ. சார்லஸ் பாலத்தில் எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்றைக்கே அத்தை அப்பாவுக்கு போன் போட்டு, "கடன வாங்கிட்டுப் போயி உம்பையன் ஊரு சுத்தறானாட்ட இருக்குது" என்றாராம். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "குளுருக்குப் பத்திரமா இரு சாமி" என்று மட்டும் சொன்னார். அதுதான் அறுக்கிறது.

சில பாடங்களில் எனக்கு 5.0 வந்திருக்கிறது. இங்கே அது ஃபெயில். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கே இங்கே இருட்டிவிடுகிறது. ஊரில் அப்போது எட்டரை, அப்பா கூப்பிடும் நேரம். போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலைதான் தூக்கம் வருகிறது. அந்த 43 யூரோவைச் செலவு செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் குற்ற உணர்ச்சியே வந்திருக்காது. சில நாள் எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது. என்ன செய்வது?

பெயர் வேண்டாம், கெம்னிட்ஸ்

---

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். "எதுவுமே வேண்டாம்" என்பது அலுப்பா, செத்துப்போகலாம் என்ற நினைப்பா? இரண்டாவது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டி ஆளைக் கூப்பிடுங்கள். 116 123 என்ற எண்ணுக்கு அங்கே இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அவசரம் என்றால் 112.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். 43 யூரோவை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். பிளாக்டு அக்கவுண்டையும் யூரோ பிசகாமல் சொல்கிறீர்கள். ஃபெயிலான பாடங்கள் மட்டும் "சில". இரண்டா, ஐந்தா? பிராக் போகாமல் இருந்திருந்தாலும் அந்த 5.0 அப்படியேதான் இருந்திருக்கும். சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்கான பழியைச் சொல்லக்கூடிய ஒரு செலவின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தையையும் கொஞ்சம் விட்டுவிடுங்கள். அவர் பேசியது முறையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டியதை வைத்துத்தானே பேசினார்? பாலத்தைக் காட்டினீர்கள், குடோனைக் காட்டவில்லை. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்படித்தான். வீட்டார் கவலைப்படுவார்கள் என்று கஷ்டத்தை மறைப்பார்கள். அப்புறம், என் கஷ்டம் இவர்களுக்கு எங்கே தெரிகிறது என்று மனம் புழுங்குவார்கள். (இதை நானும் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது செய்திருக்கிறேன். அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.)

இனிப் பாடங்கள். ஒரு தாளை எடுத்து, எந்தப் பாடம், இதுவரை எத்தனை முறை எழுதினீர்கள், இன்னும் எத்தனை வாய்ப்பு பாக்கி என்று எழுதுங்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகலாம். நம் ஊர் அரியர் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது இல்லை. உங்கள் துறையின் தேர்வு விதிகளைப் படித்துவிட்டு, படிப்பு ஆலோசகரை நேரில் போய்ப் பாருங்கள். கடைசி வாய்ப்பில் நிற்கும் பாடம் ஏதாவது இருந்தால், குடோன் வேலையைக் குறைப்பதா என்று அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தூக்கம் தனிப் பிரச்சினை. விடியற்காலை படுத்து மதியம் எழுந்தால், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் கைநழுவிவிடும். வெயிலில் வளர்ந்த உடம்பு, இருட்டு இப்படி மனதை அழுத்தும் என்று அதற்குத் தெரியாது. மதியம் அரை மணி வெளியே நடங்கள். கெம்னிட்ஸில் கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் சிலையாக ஏழு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே, அதுவரை போய் வந்தால்கூடப் போதும். அங்கே மாணவர் நலச் சேவை அமைப்புகள் உளவியல் ஆலோசனை தருகின்றன. பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். இந்த வாரமே நேரம் கேட்டு எழுதுங்கள். தேர்வு நெருங்கினால் அங்கேயும் கூட்டம்தான்.

பயணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாராவாரம் பெட்டி அடுக்குகிறவன் ஒரு நாள் ஆற்றங்கரையில் நின்றதில் என்ன தப்பு?

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தாளை எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள். "ஃபெயில் ஆயிட்டேன்" என்று மட்டும் கேட்டால் பத்திரம்தான் அவர் கண்முன் நிற்கும். எத்தனை பாடம், மறுபடி எப்போது எழுதுவேன், படிப்பு முடிய எத்தனை மாதம் கூடும் என்று சேர்த்துச் சொன்னால் அவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். "பாஸ்னு பொய் சொன்னேம்ப்பா" என்பதையும் விடாதீர்கள். கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். மூன்றாம் நாள் நீங்களே கூப்பிடுங்கள்.

தறி ஓடும் நேரமாகப் பார்த்துப் பேசிவிடாதீர்கள். அந்தச் சத்தத்தில் "என்ன சாமி?" என்று அவர் திருப்பிக் கேட்டால், இரண்டாம் முறை சொல்ல உங்களுக்கு வாய் வராது.