அத்தையிடம் கேட்டீர்களா?

கேள்வி: வேட்டைநாய்க் கொட்டில் ஒன்றில் ஓய்வு கொடுக்கப்பட்ட 3 வயது பெண் ஃபாக்ஸ்ஹவுண்டை (நரி வேட்டைக்கென்று வளர்க்கும் நாய்) எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். மிகவும் சாது, எங்கள் பிள்ளைகளின் (10, 7 வயது) கையை நக்கியபடி காலடியிலேயே படுத்துக்கொண்டது. தனி வீடு, தோட்டம், 4 அடி வேலி எல்லாம் இருக்கிறது. நானும் கணவரும் காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்ப மாலை 6 ஆகும். பகலில் அத்தை வீட்டில்தான் இருப்பார், மூட்டுவலியால் அவர் எங்கும் போவதில்லை, அதனால் நாய் தனியாக இருக்காது. இந்த இனத்தை வீட்டில் வளர்க்கலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் நாயின் காது நீளம் இருக்கிறது, முதுகில் உள்ள கறுப்புத் திட்டு இருக்கிறது, பிள்ளைகள் யோசித்து வைத்திருக்கும் நான்கு பெயர்களும் இருக்கின்றன. உங்கள் மாமியாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அதிலும் அவருடைய மூட்டுவலியை உங்கள் திட்டத்துக்குக் கிடைத்த வசதியாகக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். அவரிடம் கேட்டதாக ஒரு சொல்கூட இல்லை.

இந்தக் கேள்வியோடு வரும் கடிதங்களில் பெரும்பாலும் இப்படி ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற அப்பா, வேலை தேடும் தம்பி, பிரசவத்துக்கு வந்திருக்கும் தங்கை. "வீட்டில்தானே இருக்கிறார்" என்று சொல்லி ஒரு முழுநேர வேலையை அவர் தலையில் ஏற்றிவிடுவார்கள். ஃபாக்ஸ்ஹவுண்ட் வீட்டு நாயாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும், சில வீடுகளில். இன்றைய ஏற்பாட்டில் உங்கள் வீட்டில் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

சாது என்று கொட்டில்காரர்கள் சொன்னது உண்மை. மனிதர்களைக் கடிக்கும் நாயையும் சக நாய்களோடு சண்டைக்குப் போகும் நாயையும் வேட்டைக் கூட்டத்தில் வைத்திருக்க முடியாது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே வம்சாவளிப் பதிவேடு வைத்து, கூட்டத்தோடு இணங்கி ஓடும் நாய்களையே தேர்ந்தெடுத்து இங்கிலாந்தில் இந்த இனத்தைப் பெருக்கினார்கள். கொட்டிலில் நாய்களை எண்ணுவதே ஜோடிக் கணக்கில்தான். இரவில் பலகை மேடையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும். உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் அந்த 3 வயது நாய் பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்திருக்காது. சாதுவாக இருப்பதும் தனியாக இருக்கத் தெரிவதும் வேறு வேறு. இந்த இனத்தைக் கொண்டுபோன வீடுகளில் முதலில் உடைவது இந்த இடம்தான். ஆள் மறைந்ததும் நீளக் குரலெடுத்து ஊளையிடும், கதவுச் சட்டத்தைச் சுரண்டும், எச்சில் ஒழுக நடந்துகொண்டே இருக்கும். வேட்டைக்காரருக்கு வயல்களைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட குரல் அது. பக்கத்து வீட்டுச் சுவர் அதைத் தடுக்காது.

"அதற்குத்தான் அத்தை இருக்கிறாரே" என்பீர்கள். அவர் இருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கூட்டத்தை இழந்த நாய் வீட்டில் இருக்கும் ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளும். அவர் எழுந்தால் எழும், சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வரும், நாற்காலியை ஒட்டிப் படுக்கும், குளியலறைக் கதவில் முட்டும். எடை 30 கிலோ அளவில் இருக்கும். அழைப்புமணி அடித்தால் அந்த 30 கிலோவும் அவர் முழங்காலை உரசிக்கொண்டு வாசலுக்குப் பாயும். மூட்டுத் தேய்ந்த வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். அதிலிருந்து எழ மாதங்கள் ஆகும், சிலர் எழுவதே இல்லை.

அவருடைய மாத்திரைகள் எங்கே இருக்கின்றன? கட்டில் பக்கத்து மேசையில் என்றால் அது நாயின் மூக்கு உயரம். மூட்டுவலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முழங்காலில் தடவும் வலிக் களிம்பிலும் இதே மருந்துகள் இருப்பதுண்டு, நாய் அதை நக்கினாலும் ஆபத்துதான். பாசமுள்ள நாய் நக்கத்தான் செய்யும். உங்கள் மாமியார் சொந்த வீட்டில் தன் களிம்பை ஒளித்துவைத்துத் தடவ வேண்டிய நிலை வரும். இதை அவரிடம் யாராவது சொன்னீர்களா?

வீட்டுப் பழக்கம் அடுத்தது. சில கொட்டில்களில் குட்டிகளை ஏறக்குறைய 2 மாதத்தில் பண்ணைக் குடும்பங்களிடம் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்வார்கள். உங்கள் நாய் அப்படி ஒரு குடும்பத்தில் வளர்ந்ததா, எத்தனை மாதம் வளர்ந்தது, வீட்டுக்குள் வந்து போனதா, வெளிக் கொட்டகையிலேயே இருந்ததா என்று கேளுங்கள். வீட்டுக்குள் வளர்ந்திருந்தால் பாதிச் சுமை குறையும். கழுவிவிடும் சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த நாய்க்கு உள்ளே, வெளியே என்ற வித்தியாசமே தெரியாது. முதல் 2 வாரம் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 15 நிமிடத்துக்குள், இரவில் ஒருமுறை என்று வெளியே கூட்டிப்போக வேண்டும். போன வேலை முடிந்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள், வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. தரையில் போனால் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், அதன் வாடை சிறுநீரை ஒத்திருப்பதால் அதே இடத்துக்கு மறுபடி வரும். பகலில் இத்தனை முறை எழுந்து நடப்பவர் யார்? எங்கும் போக முடியாதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தனிமைப் பயிற்சியை அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கொடுக்க முடியாது. உங்களில் ஒருவர் 3, 4 வாரம் விடுப்பு எடுக்க வேண்டும். முதல் நாள் கதவைச் சாத்தி 10 விநாடியில் திறப்பது, பிறகு 30 விநாடி, 1 நிமிடம், 3 நிமிடம். நாய் பதறுவதற்கு முன்பே திரும்பி வருவதுதான் இதன் உயிர். பதறிய பிறகு வந்தால் ஊளைக்குப் பலன் உண்டு என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். ஒரு பழைய கைபேசியை வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், துன்பம் பெரும்பாலும் முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும். அரை மணி நேரத்தை நிம்மதியாகத் தாண்டிய பிறகு நேரத்தைக் கொஞ்சம் வேகமாகக் கூட்டலாம். எவ்வளவு பழகினாலும் ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஏற்கெனவே இன்னொரு நாய் உள்ள வீட்டில் இந்த இனம் சீக்கிரம் அடங்கும். அதற்காக இரண்டாகக் கேட்டு வாங்கிவிடாதீர்கள், அத்தையின் முழங்காலை உரசிப் பாய்வது 60 கிலோ ஆகிவிடும்.

உங்கள் 4 அடி வேலியை வேலி என்றே இந்த நாய் நினைக்காது. குறைந்தது 6 அடி வேண்டும். அடியில் கம்பிவலையை உள்பக்கமாக ஓர் அடி அகலத்துக்கு மடித்துத் தரையில் பதித்தால் தோண்டி வெளியேறாது. வாசல் கதவு தானே சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் போடுங்கள், 7 வயதுப் பிள்ளை கதவைச் சாத்த மறப்பது நிச்சயம். மோப்பம் பிடித்த ஃபாக்ஸ்ஹவுண்டுக்கு நீங்கள் கூப்பிடுவது காதில் விழாது. கீழ்ப்படியாமை என்று அடிக்காதீர்கள், மூக்கை நிலத்தில் வைத்துத் தானே முடிவெடுத்து ஓடத்தான் அதை உருவாக்கினார்கள். அமெரிக்க ஃபாக்ஸ்ஹவுண்ட் என்றால் இன்னும் ஒல்லி, இன்னும் தன்னிச்சை. ஜார்ஜ் வாஷிங்டன் தன் நாய்களோடு 1785-ல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் அனுப்பிய பிரெஞ்சு வேட்டைநாய்களைக் கலந்ததில் தொடங்கிப் பரந்த காட்டு நிலத்துக்கென்று பழக்கிய வழி அது. எந்த வழியாக இருந்தாலும் வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. 10 மீட்டர் நீளக் கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் முழு வேகத்தில் கயிறு தீரும்போது கழுத்து அடிபடும். கூப்பிட்டால் வரும் பழக்கத்தை வீட்டுக்குள் ஒரு நாளைக்கு 20 தடவை தின்பண்டத்தோடு செய்து, பிறகு தோட்டம், பிறகு நீளக் கயிற்றோடு வெளி என்று மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும், கொட்டிலில் தீனி வைக்கும்போது ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். பிள்ளைகளின் நான்கு பெயர்களையும் மறந்துவிட்டு அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒன்றரை முதல் 2 மணி நேரம், இரண்டு வேளையாக நடக்க வேண்டும். அதில் பாதி, நாய் தன் இஷ்டத்துக்கு மோப்பம் பிடித்து நிற்கும் நடையாக இருக்கட்டும். ஓடவிட்டே களைப்பாக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம் ஓடத் தெரிந்த நாயை வளர்க்கிறார்கள். மழை நாளில் உலர்தீனியில் பாதியை அறையில் அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள், அந்தக் கால் மணி நேரம் நல்ல வேலை வாங்கும். 10 வயதுப் பிள்ளை கயிற்றைப் பிடிக்கலாம், கூடவே பெரியவர் கையிலும் இன்னொரு கயிறு இருந்தால். "பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும்" என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் பொறுப்பைப் பெற்றோரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். பாட்டியின் மேல் சுமையை வைத்துவிட்டு வேலைக்குப் போவதைப் பார்த்தால் அதையும் கற்றுக்கொள்வார்கள்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாக: வேட்டையில் ஓடும்போது தின்ற அளவை வீட்டில் கொடுத்தால் சில மாதங்களில் கொழுத்துவிடும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. இரண்டு வேளையாகக் கொடுங்கள், தீனிக்குப் பின் ஒரு மணி நேரமாவது ஓட்டம் வேண்டாம். மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு புடைத்து, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும், வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

கொட்டிலிலிருந்து வரும் நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 1999-ல் நியூயார்க் மாநிலத்துக் கொட்டில் ஒன்றில் ஃபாக்ஸ்ஹவுண்டுகளுக்கு லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வேறு மாநிலங்களிலும் தெரியவந்தது. தாயிடமிருந்தே குட்டிக்குப் பரவும் நோய் அது. இங்கிலாந்தில் 2016-17-ல் ஒரு கொட்டிலில் மாட்டுக் காசநோய் பரவியது, தீனியாகப் போட்ட பச்சை இறைச்சியின் மேல் சந்தேகம் எழுந்தது. அரிதுதான். ஆனாலும் வயதானவரும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் லீஷ்மேனியாவுக்கு இரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, தடுப்பூசிப் பதிவு ஆகியவை இல்லாமல் வாசற்படி ஏற்றாதீர்கள். மாட்டுக் காசநோய்க்குச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொட்டிலில் பச்சை இறைச்சி போட்டார்களா என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் நாய் வருவதற்கு முன்பே 3 வாரம் நாய் இல்லாமல் நாய் வளர்த்துப் பாருங்கள். நீங்களோ கணவரோ காலை 6 மணிக்கு வெளியே போய் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், மாலையில் மற்றவர் முக்கால் மணி நேரம். நடுப்பகலில் ஒருவர் வீட்டுக்கு வந்து போக வழி இருக்கிறதா, இல்லையென்றால் கூலிக்கு நாயை நடத்திச் செல்பவருக்கோ நாய்க் காப்பகத்துக்கோ மாதாமாதம் செலவழிக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் மாமியாரின் பெயர் வரக் கூடாது. அவர் பங்கு, விரும்பினால் நாயின் தலையைத் தடவிக் கொடுப்பது மட்டும். மாமியாரின் அறைக்குக் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று பொருத்துங்கள். அது நாயை அவருக்கு எதிராக அடைக்க அல்ல, அவர் நிம்மதியாக நடக்க ஓர் இடம் மிஞ்சுவதற்கு. மூன்றாவது வாரம் கணவர் மாலை நடையைத் தவிர்க்கக் காரணம் தேட ஆரம்பித்தால் பதில் கிடைத்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் மாமியாரிடம் கேளுங்கள். நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள், மகன் வாயால் கேட்பது முக்கியம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அவர் சரி என்றுதான் சொல்வார். நாய் பின்னாலேயே வரும், குறுக்கே படுக்கும், ஊளையிடும், மாத்திரையைப் பூட்டிவைக்க வேண்டும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, இரண்டு நாள் யோசிக்க விடுங்கள். "உங்கள் இஷ்டம்" என்று அவர் சொன்னால் அது வேண்டாம் என்பதுதான். அன்றே கொட்டிலுக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள், அந்த நாய்க்கு வேறு வீடு பார்க்க அவர்களுக்கு நாள் வேண்டும்.