அந்தப் பழி யாருடையது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை மாணவர்கள் போனைத் தொடக்கூடாது என்று பள்ளியில் விதி வந்திருக்கிறது. காலையில் வகுப்புச் சுவரில் தொங்கும் பையில் போனைப் போட்டுவிட வேண்டும். அவசரத்துக்கு அவனிடம் ஒன்று இருக்கட்டும் என்று, அந்தப் பையில் போடுவதற்காக என் கணவரின் பழைய போனைக் கொடுத்திருந்தோம். சென்ற மாதம் உயிரியல் தேர்வு நடக்கும்போது, "சாப்பிட்டாயா?" என்று நான் அனுப்பிய செய்தியால் அவனுடைய சொந்த போன் புத்தகப் பைக்குள் அதிர்ந்துவிட்டது. ஆசிரியை எல்லோர் முன்னிலையிலும் கடுமையான குரலில் பையைத் திறக்கச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார். துணை முதல்வர் எங்களை வரவழைத்தார். பழைய போன் ஏது என்று கேட்டபோது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் தானே எடுத்து வந்ததாக மகன் சொல்லிவிட்டான். நல்லவேளையாக எங்களை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு மூன்று நாள் தனியறைத் தண்டனை (இன்-ஸ்கூல் சஸ்பென்ஷன்) கொடுத்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் நாட்டில் பிள்ளையிடம் போன் இருக்கக்கூடாது என்பது நியாயமா? இது அவனுடைய கல்லூரி விண்ணப்பத்தைக் கெடுக்குமா? பறித்த போனுக்குள் அவர்கள் தேடிப் பார்க்கலாமா? ஆசிரியைமீது முறையீடு செய்யலாமா? போனுக்குப் பதில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாமே என்கிறார் கணவர். அன்றிலிருந்து மகன் எங்களுடன் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்கு எடுத்துப் போய்விடுகிறான். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இது நான் பலமுறை படித்துவிட்ட கடிதம். ஊர் மாறும், பாடம் மாறும், பிள்ளையின் வயது மாறும். ஆசிரியையின் குரல் மட்டும் எல்லாக் கடிதங்களிலும் கடுமையாகவே இருக்கும். நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் உண்டு, சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகவே கேட்காமல், போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன செய்திதான் இந்தக் கடிதத்தின் உயிர்நாடி. பழைய கைபேசியைத் தானே யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்ததாக உங்கள் மகன் துணை முதல்வரிடம் சொன்னான். அது பொய். அது பொய் என்பது அந்த அறையில் இருந்தவர்களில் மூன்று பேருக்குத் தெரியும். அந்த மூவரில் இரண்டு பேர் பெரியவர்கள். அந்த இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

அந்த மேசையை என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. அதன்மீது இரண்டு கைபேசிகள் இருந்திருக்கும். ஒன்று அவனுடையது, மற்றொன்று, சிம் அட்டை எடுக்கப்பட்டு, ஓரம் தேய்ந்து, எத்தனையோ நாள் மேசை இழுப்பறையில் கிடந்து, பள்ளி திறப்பதற்கு முன் உங்கள் கையாலோ உங்கள் கணவர் கையாலோ எடுத்துத் தரப்பட்டது. இது ஏது என்று அந்த அதிகாரி கேட்டபோது பையன் தன் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்திருப்பான் என்றே நான் நினைக்கிறேன். அங்கே அவன் எதிர்பார்த்த பதில் வரவில்லை. பிறகு அவனே சொன்னான். அவன் சொன்னதைக் கேட்டதும் உங்களுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியைத்தான் எனக்கு 'நல்லவேளை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

பிள்ளை செய்த தவறுக்குப் பெற்றோர் தலைகுனிந்து நின்ற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிலும் சில சமயம் அளவுக்கு மீறிய பாசம் இருக்கும். அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பெற்றோர் செய்த தவறுக்குப் பதினான்கு வயதுப் பிள்ளை பழியேற்று மூன்று நாள் தனியறையில் உட்கார, பெற்றவர்கள் அந்தப் பிள்ளைக்காக நியாயம் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் ஏன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிறான் என்று கேட்கிறீர்கள். கைபேசி போனதற்காகப் பிள்ளைகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஒரு மாதம் வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் இருவரும் பேசுவீர்கள் என்று அவன் காத்திருந்தான். இப்போதும் காத்திருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது.

இனி விதியைப் பற்றி. இது உங்கள் பள்ளி தானாகக் கண்டுபிடித்த கெடுபிடி அன்று. 2025 ஜூன் 20 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட 1481-ஆம் எண் மசோதா உடனடியாகச் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது; டெக்சாஸின் எல்லாப் பொதுப் பள்ளி மாவட்டங்களும் (அந்தந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) 90 நாட்களுக்குள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அது கட்டளையிட்டது. பள்ளி நேரத்தில் பள்ளி வளாகத்துக்குள் மாணவர் எவரும் தம் சொந்தத் தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம். அதைக் கொண்டுவரவே தடை விதிப்பதா, கொண்டுவந்தால் எங்கே வைப்பது என்பதை மட்டுமே மாவட்டம் தீர்மானிக்கலாம். பறிமுதல் செய்யவும், பெற்றோருக்கு எழுத்தில் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தபின் அந்தப் பொருளை அப்புறப்படுத்தவும்கூடச் சட்டத்தில் இடம் உண்டு. சிறப்புக் கல்வித் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கும், மருத்துவர் எழுதிக்கொடுத்த தேவை உள்ளவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. சர்க்கரை அளவைக் கைபேசியில் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு யாரும் கதவைச் சாத்தவில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு தேவை எதுவும் இல்லை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் கதை மாறாது: ஃபுளோரிடா 2023-லேயே பாட நேரத்தில் கைபேசியைத் தடை செய்துவிட்டது, கலிஃபோர்னியா 2026 ஜூலைக்குள் எல்லா மாவட்டங்களும் விதி வகுத்தாக வேண்டும் என்று 2024-ல் சட்டம் இயற்றியது. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் நடத்தை விதிநூலைப் படித்துவிட்டதாகக் கணினியில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினீர்களே, அது உங்கள் கையெழுத்து. படிக்காமல் சொடுக்கியிருந்தாலும் அது உங்கள் கையெழுத்துதான்.

துப்பாக்கி பற்றிய உங்கள் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 2022 மே 24 அன்று உங்கள் மாநிலத்திலேயே, யுவால்டி என்ற சிற்றூரின் ராப் தொடக்கப் பள்ளியில், 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அந்த வகுப்பறைகளுக்குள்ளிருந்து குழந்தைகள் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தார்கள். அழைப்பு போய்ச் சேர்ந்தது. காவலர்கள் கட்டடத்துக்குள் இருந்துகொண்டே 77 நிமிடங்கள் கழித்துத்தான் அந்த அறைக்குள் நுழைந்தார்கள். அந்த அழைப்புகளை முன்வைத்துக் கைபேசி வேண்டும் என்று ஒரு பெற்றோர் வாதாடினால் அவரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். மறுபக்கத்தில், கதவடைத்து மூச்சடக்கி இருக்கும் வகுப்பில் ஒரு பைக்குள் ஓர் அதிர்வு எழுந்தால் அது எல்லோரையும் காட்டிக்கொடுக்கும் என்பதையும், பிள்ளைகள் திரையைப் பார்க்கும் நேரத்தில் ஆசிரியரின் சொல் காதில் விழாது என்பதையும் பள்ளிப் பாதுகாப்புத் துறையினர் சொல்லி வருகிறார்கள். இது நேர்மையான இருவர் நின்று வாதாடக்கூடிய விஷயம்.

ஆனால் நீங்கள் வாதாடவில்லையே. உங்கள் பள்ளி மாவட்டத்தை நடத்தும் வாரியத்தின் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள் பற்றிப் பேச விரும்புகிறவரைப் பேசவிட வேண்டும் என்று 2019 முதல் டெக்சாஸில் சட்டமே இருக்கிறது. குடியுரிமை இல்லாதவர் வாரியத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆனால் எழுந்து பேச எந்தத் தடையும் இல்லை. தடையையே நீக்க வாரியத்தால் முடியாது என்றாலும், சாதனங்களை எங்கே வைப்பது, ஆபத்து நேரத்தில் என்ன செய்வது, முதல் தவறுக்கு என்ன தண்டனை என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். நம்மவர்கள் நிறைந்த அந்தப் புறநகர்களில் கணிதப் போட்டிக்கும் ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டிக்கும் முன்வரிசையில் வந்து அமரும் பெற்றோர், வாரியக் கூட்டத்தின் ஒலிவாங்கி முன் நிற்கத் தயங்குவது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. அங்கே போய் நின்றிருந்தால், தோற்றிருந்தாலும், உங்கள் மகன் பெற்றோரைப் பார்த்து ஒன்றைக் கற்றிருப்பான். நீங்கள் அதற்குப் பதில் இழுப்பறையைத் திறந்தீர்கள். அவசரத்துக்கென்று அவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றி வைத்த அவனுடைய சொந்தக் கைபேசிக்கு அன்று வந்து சேர்ந்த அவசரமோ, சாப்பிட்டாயா என்ற விசாரிப்பு. பள்ளி அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது. உண்மையான அவசரம் வந்தால் அதில் அழைத்தால் பிள்ளையைக் கூப்பிட்டுத் தருவார்கள். சாப்பிட்டானா என்பதை மாலையில் அவன் டிபன் டப்பாவே சொல்லும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்-ஸ்கூல் சஸ்பென்ஷன் என்பது பள்ளியை விட்டு விலக்குவது அன்று. தனியறையில் அமர்ந்து வகுப்புப் பாடத்தைச் செய்வது. பல கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம், மாணவரின் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வியை 2021-22 முதலே எடுத்துவிட்டது. தனியே கேட்கும் கல்லூரிகளும் உண்டு. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், ஒன்பதாம் வகுப்பில் நடந்த இதற்காக எவரும் இடம் மறுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கைபேசிக்குள் தேடுவது பற்றி: பறித்து வைத்துக்கொள்வது வேறு, அதிலுள்ள செய்திகளையும் படங்களையும் பார்ப்பது வேறு. மாணவரின் பொருளைச் சோதிக்கப் பள்ளிக்கு நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் மகன் விஷயத்தில் யாரும் உள்ளே பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. நடக்காததற்கு வழக்கு வேண்டாம். உங்கள் கணவரின் ஸ்மார்ட் வாட்ச் யோசனைக்கு என் பதில், கூடாது என்பதே. அதுவும் அதே சட்டத்துக்குள் வருகிறது. இழுப்பறை தந்த பாடத்திலிருந்து அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஆசிரியைமீது முறையீடு செய்யலாமா என்றால், செய்யும் வழி இருக்கிறது: முதலில் பள்ளி, பிறகு மாவட்ட அலுவலகம், பிறகு வாரியம். தேர்வறையில் எல்லோர் முன்னிலையிலும் பையைத் திறக்கச் சொன்னதை விட, வெளியே அழைத்துக் கேட்டிருந்தால் நாகரிகமாக இருந்திருக்கும். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு நடக்கும்போது அதிரும் கைபேசியைக் கண்டுகொள்ளாமல் விடும் ஆசிரியர் மற்ற மாணவர்களுக்குத் துரோகம் செய்கிறார். அவர் மகனுக்குத் தந்த அவமானம் ஐந்து நிமிடம். துணை முதல்வர் அறையில் உங்கள் மௌனத்தால் அவன் பெற்றதற்கு அளவு என்ன என்று எனக்குத் தெரியாது. முந்தையதைக் குறித்து முறையீடு எழுதும் தகுதி, பிந்தையதைச் சரிசெய்த பிறகே உங்களுக்கு வரும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. துணை முதல்வரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சல் போதாது. பழைய கைபேசியைப் பையில் போடுவதற்கென்றே நாங்கள்தான் கொடுத்தோம், அவன் திருடி எடுத்து வரவில்லை, எங்களைக் காப்பாற்ற அப்படிச் சொன்னான், நாங்களும் அன்று மறைத்துவிட்டோம் என்று நேரில் சொல்லுங்கள். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது முடிந்துபோன தண்டனை. தடை செய்யப்பட்ட ஒன்றைப் பைக்குள் வைத்திருந்தது அவன் குற்றம்தான், அதை அவன் அனுபவித்துவிட்டான். ஏமாற்றியது பற்றிப் பதிவேட்டில் அவன் பெயரில் ஒரு வரி இருந்தால், நடந்தது இன்னது என்று அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த விதிநூல் மாணவரைத் தண்டிக்கத்தான் எழுதப்பட்டது, பெற்றோரை அன்று. உங்களுக்கு அதிகம் போனால் ஒரு கால் மணி நேர வெட்கம். இவ்வளவுக்குத்தான் அந்தப் பிள்ளை மூன்று நாள் உட்கார்ந்தான்.

போவதற்கு முன் அவனிடம் சொல்லிவிடுங்கள். கதவைத் தட்டி, நின்றபடியே சொன்னால் போதும். அறிவுரையோ, இனிமேல் நீயும் ஒழுங்காக இரு என்ற சேர்க்கையோ வேண்டாம். வேண்டாம் அம்மா, முடிந்துபோன விஷயம், மறுபடியும் எல்லோருக்கும் தெரியும், அசிங்கம் என்று அவன் தடுக்கக்கூடும். அந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள். தடுத்தாலும் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கைபேசி அவருடையது.